கண்டியைக் காத்த மலை, பிறகு ஏன் காக்கவில்லை?

வைகைக்கரை எழுதியது:

மலை, ஆறு, மழை, கடல் இவைதான் ஒரு சமூகத்தின் போக்கை முடிவு செய்கின்றன, காலனி ஆட்சியெல்லாம் அதன்மேல் பூசிய சாயம் என்று வாத்தியார் ஐயா போன வாரம் வேறு இழையில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு கண்டத்தை இழுத்துக்கொண்டு வருவோம். ஒரே இடத்தை எடுத்துக்கொள்வோம்: இலங்கையின் மலைநாடு.

போர்த்துக்கீசியர் கரையோரத்தை வளைத்துப் போட்டவர்கள். ஆனால் கண்டிக்கு ஏறியபோதெல்லாம் அடி வாங்கினார்கள். 1594இல் தந்துறை, 1630இல் ரந்தெனிவெல, 1638இல் கன்னொறுவை. ரந்தெனிவெலவில் அவர்களுடைய தளபதியே செத்தான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1765இல் கண்டி நகரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள், தங்க முடியவில்லை. காய்ச்சலும் பசியும் கீழே இறக்கிவிட்டன. ஆங்கிலேயருக்கு 1803இல் இன்னும் மோசம். நோயில் படுத்த காவற்படை சரணடைந்தும் மகாவலிக் கரையில் வெட்டப்பட்டது.

நகரத்தை மூன்று பக்கம் மகாவலி சுற்றி ஓடுகிறது. நான்காவது பக்கம் காடும் கணவாயும். அரசர்கள் வேண்டுமென்றே பாதைகளை அகலப்படுத்தாமல் விட்டார்கள். 1660இல் பிடிபட்டு 19 ஆண்டு அங்கே கிடந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒற்றையடித் தடங்களையும், அவற்றின் வாயில் முள்ளால் கட்டிய கதவுகளையும் எழுதி வைத்திருக்கிறார்.

இதுவரை வாத்தியார் ஐயா கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் 1815இல் மலை எங்கும் போய்விடவில்லை, ஆறு வற்றவில்லை, காய்ச்சலும் தீரவில்லை. கண்டி விழுந்தது. எகலப்பொல போன்ற பிரதானிகள் மன்னனோடு பகைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் பக்கம் போனார்கள். பெரிய சண்டையே நடக்கவில்லை. மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு அனுப்பினார்கள், அங்கேயே 1832இல் இறந்தார்.

1820களில் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்குச் சாலை போட்டாயிற்று. அடுத்த இருபது ஆண்டில் மலையெல்லாம் காப்பி. இருநூறு ஆண்டுக்கு மேல் ஓர் அரசுக்கு அரணாக நின்ற உயரமும் மழையும்தான் காப்பித் துரைகளுக்கு வேண்டியிருந்த உயரமும் மழையும். மலை யாருக்கும் விசுவாசமாக இருக்கவில்லை. அப்படியானால் சமூகத்தைத் தீர்மானித்தது மலையா, மலை யார் கைக்குப் போனது என்பதா? ஐயா பதில் சொல்லட்டும்.


சும்மா வாசகன் எழுதியது:

வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் மன்னருடைய கல்லறை, முத்து மண்டபம். நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்து உறவு. எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. சரி, தொடருங்கள்.


புவியியல் வாத்தியார் எழுதியது:

தம்பி, சாயம் என்று நான் எழுதவில்லை. அடித்தளம் நிலம், மேற்கட்டு ஆட்சி என்றேன். போகட்டும்.

உங்கள் கேள்விக்கு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். 1840இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரிய நிலம், உன்னுடையது என்றால் நீ நிரூபி என்ற சட்டம். அது கண்டிக்கு மட்டும் போட்ட சட்டமில்லை, தீவு முழுவதற்கும். வடக்கே வன்னித் தாழ்நிலத்தில் அப்போது இருந்த காடு கொஞ்சமா? அங்கே ஏன் ஒரு துரையும் போய்ப் பங்களா கட்டவில்லை? கரும்பு, பருத்தி என்று தாழ்நிலத்தில் முயன்று பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். காப்பிக்கு 1,500 அடிக்கு மேல் உயரம் வேண்டும், சரிவு வேண்டும், வேர் அழுகாமல் நீர் வடிய வேண்டும், மழையும் வேண்டும். தீவில் அது எங்கே இருந்ததோ அங்கே மட்டும்தான் சட்டம் கடித்தது. மற்ற இடத்தில் காகிதமாகவே கிடந்தது.

அப்புறம் பயிரைப் பாருங்கள். காப்பிப் பழம் வருடத்தில் சில மாதம்தான். அதனால் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள், போய் வேலை முடித்துத் திரும்பிவிடுவார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில் மஞ்சள் துரு விழுந்தது. காற்றில் பரவும் பூஞ்சை. மலைக்கு மலை காப்பியைத் தவிர வேறு மரமே இல்லாமல் நட்டிருந்ததால் அதற்குத் தடையே இல்லை. 1880களில் தோட்டங்கள் திவால். அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் போட்டது 19 ஏக்கர். 1890களின் நடுவில் 3 லட்சம் ஏக்கர்.

தேயிலை காப்பி மாதிரி இல்லை. கொழுந்து வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும், விட்டால் முற்றிவிடும். தென்மேற்குப் பருவம் ஒரு சரிவை நனைக்கும், வடகிழக்கு மற்றச் சரிவை நனைக்கும், ஆகவே வருடம் முழுக்க வேலை. வருடம் முழுக்க வேலை என்றால் ஆள் திரும்பிப் போக முடியாது. குடும்பத்தோடு தங்க வேண்டும். பெண்களும் பறிக்க வேண்டும். போய்வரும் கூலி குடியிருக்கும் சமூகமாக மாறியதற்கு ஒரு செடி தளிர்விடும் வேகம் காரணம். இதில் எந்த கவர்னருக்கும் பங்கில்லை.


மலைமகன் தலவாக்கலை எழுதியது:

ஐயா எழுதியதில் பயிரைப் பற்றிய பகுதி உண்மை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் நானும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். ஆனால் கடைசி வரி கோபத்தைக் கிளப்புகிறது. கவர்னருக்குப் பங்கில்லையா?

ஆள் வந்த வழியைச் சொல்கிறேன். இரயில் வருமுன் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுக்குள் நடை. காலரா, அம்மை, காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கே ஒழுங்காக இல்லை. காப்பி மூட்டைக்கு எழுதிய கணக்கு ஆளுக்கு எழுதப்படவில்லை.

அவர்களைக் கொண்டுவந்தவன் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுப்பான், வழிச் செலவைக் கணக்கில் எழுதுவான், தோட்டத்தில் சேர்த்தபின் தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் வாங்குவான். தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை எழுதிக்கொடுக்கும் துண்டு வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறேன் என்ற சீட்டு அது. புதுத் துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான், கடன் ஆளோடு போகும். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். செடி தளிர்விடும் வேகம் இதையும் எழுதியதா ஐயா?

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்க்காதவர்களுக்காக: ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. ஒன்று ஏறக்குறைய 12 அடிக்கு 10 அடி. முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை, அதிலேயே அடுப்பு. பல இடத்தில் இரண்டு வரிசையை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருப்பான், பின்பக்கம் சன்னலே இருக்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும், பழைய நாளில் தப்படித்து எழுப்புவார்கள். கூடையில் 18 கிலோவோ 20 கிலோவோ, தோட்டம் சொல்கிற அளவு கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழை நாளில் ஈரக் கொழுந்து என்று எடையில் கழித்துக்கொள்வதும் உண்டு.

எனக்கு வந்த முக்கியமான ஒரு கடிதம், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தோட்ட அலுவலகத்தில் கிடந்து தேதி போனபின் கைக்கு வந்தது. லயக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர்தான் எல்லோருக்கும் விலாசம். எந்தத் தோட்டம் என்று சொல்லத் தேவையில்லை, எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். மலை உயரமாக இருப்பதால் கதவில் இலக்கம் போட முடியாமல் போகவில்லை.


நல்லூரான் (டொராண்டோ) எழுதியது:

மலைமகன் அண்ணை சொன்ன அந்த நடைவழி எங்கட பக்கத்துக் கதையும்தான், அதனால் எழுதுகிறேன்.

அந்த வறண்ட காடு ஆதியிலிருந்தே காடு இல்லை. அனுராதபுரமும் பொலன்னறுவையும் குளம் கட்டி நெல் விளைத்த நாடு. 13ஆம் நூற்றாண்டோடு அந்த அரசுகள் கலைந்தன, குளங்கள் உடைந்தன, தேங்கிய தண்ணீரில் நுளம்பு, மலேரியா. ஆக 1840களில் கூலிகளைக் கொன்ற 'புவியியல்' கூட ஓர் ஆட்சி உடைந்ததன் மிச்சம். வாத்தியார் ஐயா இதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று தெரிய ஆசை.

யாழ்ப்பாணத்தையும் பாருங்கள். ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல், கிணறு, பனை, புகையிலை. நிலம் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு போடாது, அதனால் படிப்பு, உத்தியோகம், மலாயா இரயில்வே என்று வெளிக்கிட்டார்கள் என்பார்கள். முழுப் பொய்யில்லை. ஆனால் மன்னாரும் முல்லைத்தீவும் வறண்ட நிலம்தானே? அங்கே ஏன் அந்தக் கதை நடக்கவில்லை? 1816இல் அமெரிக்க மிஷன் வந்து இறங்கியது யாழ்ப்பாணத்தில். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி. ஒரு தலைமுறையில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். வறட்சி எல்லா இடத்திலும் இருந்தது, பள்ளிக்கூடம் ஓர் இடத்தில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கட ஆட்களுக்குப் பிடிக்காது. இந்தப் படித்த கூட்டம் தோட்டத்துக்குக் கிளாக்கராகப் போனது, தோட்டத்து மக்களோடு இருந்து சாப்பிடவில்லை. 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த அரசில் எங்கட தமிழ்க் காங்கிரஸ் கட்சி போய்ச் சேர்ந்தது. அதை எதிர்த்துப் பிரிந்துதான் 1949இல் தமிழரசுக் கட்சி வந்தது. ஒரே மொழி பேசினாலும் இரண்டு நிலத்தில், இரண்டு விதமான காலனி வாழ்வில் வளர்ந்த இரண்டு சமூகம்.


வைகைக்கரை எழுதியது:

1840 சட்டத்தை ஐயாவே எடுத்தது நல்லதாயிற்று. அது கடித்த இடத்தை நிலம் காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரைக் கடித்தது?

கண்டிக் கிராமத்துக்கு மூன்று அடுக்கு. பள்ளத்தாக்கில் வயல், வீட்டைச் சுற்றித் தோட்டம், மேலே சேனை என்ற எரித்து விதைக்கும் நிலமும் எருமை மேயும் காடும். வயலுக்கு உரிமை காட்ட ஏதாவது இருக்கும். மேல் அடுக்குக்கு என்ன காகிதம் இருக்கும்? நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை எரித்து விதைத்துவிட்டு விடுகிற நிலம் அது. 'பயிரிடாத நிலம்' என்று அதை எழுதுவது சுலபம். அந்த நிலத்தை 1840களின் தொடக்கம்வரை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளே இருந்தார்கள். சட்டம் எழுதுகிறவனும் நிலம் வாங்குகிறவனும் ஒரே ஆள்.

சாலை போட்ட கதை இதைவிட வேடிக்கை. கண்டி அரசனுக்குக் குடிமக்கள் செய்ய வேண்டிய இராஜகாரிய ஊழியத்தை வைத்தே கவர்னர் பார்ன்ஸ் சாலை வெட்டினார். அரசனைத் துரத்திவிட்டு அரசனுக்குரிய ஊழியத்தை வாங்கிக்கொண்டார்கள். 1830களில் அதை ஒழித்தபோது சாலை முடிந்துவிட்டிருந்தது.

காப்பிக்குச் சந்தை எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகக் காப்பியில் ஏறக்குறைய பாதி, இன்றைய ஹெய்ட்டியில் அடிமைகள் விளைவித்தது. 1791இல் அவர்கள் கிளர்ந்தார்கள், தோட்டங்கள் எரிந்தன. பிறகு 1830களில் ஆங்கிலேயருடைய மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமை முறை போய் விளைச்சல் சரிந்தது. 1835இல் இலங்கைக் காப்பிக்கு லண்டனில் தீர்வை குறைத்துச் சமமாக்கினார்கள். கண்டி மலையில் மழை புத்தர் காலத்திலிருந்து பெய்கிறது. காப்பி 1830களில்தான் ஏன் பொங்கியது என்பதற்கு மழையில் பதில் கிடையாது.


புவியியல் வாத்தியார் எழுதியது:

ஹெய்ட்டி விஷயம் நன்று. அதை மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனால் மேல் அடுக்கு முழுவதும் கிராமத்தாரிடமிருந்து பிடுங்கியது என்பது மிகை. 4,000 அடிக்கு மேல், நுவரெலியாப் பக்கம், டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் பெரும்பகுதி குளிர்காடு. யானையும் சிறுத்தையும்தான். அங்கே சேனையும் இல்லை, ஊரும் மிகக் குறைவு. பறிபோனது என்றால் மாத்தளை, கண்டி, ஊவாவின் நடு உயரங்களில். இந்த வேறுபாட்டை மலைநாட்டு வரலாற்றைப் பேசுகிறவர்கள் அடிக்கடி விழுங்கிவிடுகிறார்கள். அந்தக் குளிர்காட்டை மழித்ததால் வந்த கேடு வேறு: மண் அரிப்பு, ஆறு தூர்தல். தாவரவியலாளர் ஹூக்கர் எச்சரித்தபின் 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள அரசுக் காட்டை விற்பதை நிறுத்தினார்கள். அதனால்தான் இன்று சிகரங்களில் கொஞ்சம் காடு மிஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, தேயிலை ஏன் கம்பெனிக்குப் போயிற்று? பறித்த கொழுந்தை அன்றே வாட்டத் தொடங்க வேண்டும், பிறகு உருட்ட வேண்டும், புளிக்க வைக்க வேண்டும், காய வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஆலை வேண்டும். ஆலைக்கு இயந்திரம், முதல். தென்னையைப் பாருங்கள், தேங்காய் மரத்தடியில் கிடந்தாலும் கெடாது. ஆலை வேண்டாம். அதனால் கரையோரத் தென்னை பெரும்பாலும் உள்ளூர்க்காரர் கையில் இருந்தது, மலைத் தேயிலை வெள்ளைக்காரன் கையில் போனது. ஒரே ஆட்சி, ஒரே சட்டம், இரண்டு பயிர், இரண்டு சமூகம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


மலைமகன் தலவாக்கலை எழுதியது:

சொல்கிறேன் ஐயா. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று வீட்டைச் சுற்றித் தேயிலை வைத்திருக்கிறார்கள். காலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி வீதியோரத்தில் வைத்தால் ஆலை லொறி வந்து எடுக்கும். இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இப்படிச் சிறுதோட்டக்காரர் விளைவிப்பது. கென்யாவில் 1964இல் சிறு விவசாயிகளுக்கென்று ஒரு தேயிலை வாரியமே வைத்து, அவர்கள் கொழுந்தைப் பொது ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஆக, ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது செடியின் விதி. ஆலைக்காரனே மலையையும் வைத்திருக்க வேண்டும், பறிக்கிறவள் அவன் காம்பராவில் குடியிருக்க வேண்டும் என்பது செடியின் விதி இல்லை. காலியில் ஒரு பெண் பறித்தால் அது அவள் கொழுந்து. இங்கே ஒரு பெண் பறித்தால் அரைப்பேரா முழுப்பேரா என்று கணக்கப்பிள்ளை சொல்ல வேண்டும்.


சும்மா வாசகன் எழுதியது:

ஒரு சந்தேகம். நிலம் போன சிங்களக் கிராமத்தாரும் நிலமே இல்லாத தோட்டத் தமிழரும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டுமே. ஏன் நிற்கவில்லை?


மலைமகன் தலவாக்கலை எழுதியது:

மேலே நின்று கீழே பாருங்கள், புரியும். சரிவு முழுக்கத் தேயிலை, நடுவில் லயம், அடியில் வயலோடு கிராமம். கிராமத்துக்காரன் அண்ணாந்து பார்த்தால் தன் பாட்டன் மாடு மேய்த்த இடத்தில் தமிழ் பேசுகிற ஒருவன் நிற்கிறான். துரை தெரியமாட்டான், கொழும்பிலோ லண்டனிலோ இருப்பான். கூலிக்கு அந்தக் கிராமத்துக்காரன் வரவில்லை, தன் வயலை விட்டுவிட்டு வருடம் முழுக்க இன்னொருவன் பிரட்டில் நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்து? வராததால் வெள்ளைக்காரன் அவனைச் சோம்பேறி என்று எழுதினான், எங்களைக் கொண்டுவந்தான். இரண்டு பேருக்கும் இடையில் பேசப் பொது மொழி கூட வைக்கவில்லை. தோட்டத்துக்குள் கடை, கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் எல்லாம் உண்டு. வெளியே போகத் தேவையே இல்லாதபடி கட்டியிருந்தார்கள்.

1949இல் கண்டிய விவசாயிகளுக்காக ஓர் ஆணைக்குழு போட்டார்கள், 1951இல் அறிக்கை வந்தது. நிலமில்லாமை, நெருக்கடி எல்லாம் எழுதினார்கள். நியாயம்தான். ஆனால் அதற்குச் சற்று முன், 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடில்லாதவர்களாகியிருந்தார்கள். 1947 தேர்தலில் எங்களுக்கு 7 பாராளுமன்ற உறுப்பினர்கள். அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை.

அந்தச் சட்டம் கேட்டது என்ன? உன் தகப்பனும் இங்கே பிறந்தான் என்று காட்டு. எந்தத் தோட்டத்தில் யார் பிறப்பைப் பதிந்தார்கள்? 1840இல் சிங்களக் கிராமத்தானிடம் கேட்ட கேள்விதான் இது. நிலம் உன்னுடையது என்று நீ நிரூபி. வெள்ளைக்காரன் எழுதிய முறையைச் சுதந்திர அரசு எடுத்து ஆட்கள்மேல் வைத்தது. அதில் கை தூக்கிய உறுப்பினர்களில் கண்டிக்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் கசப்பு.

தோட்டங்களை 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்தது. லயம் லயமாகவே இருந்தது. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வேறு எங்கே போய் வீடு கட்டுவது? வீடு கட்ட ஏழு பேர்ச் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணி தருவோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். கிடைத்தவர்கள் உண்டு, காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம்.


நல்லூரான் (டொராண்டோ) எழுதியது:

அண்ணை, 'பொது மொழி வைக்கவில்லை' என்பதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. பல இடங்களில் தோட்டத்து ஆட்கள் நல்ல சிங்களம் பேசுவார்கள், நானே கேட்டிருக்கிறேன். மற்றது எல்லாம் சரி.


கோத்தகிரி செல்வி எழுதியது:

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா பண்டாரவளைப் பக்கம் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அதில் இந்தியப் பங்கில் விழுந்த குடும்பம். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்களைப் பங்கு போடும்போது யாரையும் கேட்கவில்லை என்று அம்மா சொல்வார். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம், அப்புறம் இரயில், அப்புறம் நீலகிரி.

தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1968இலிருந்து அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. வந்த இடத்திலும் கூடை, வந்த இடத்திலும் லயம் மாதிரியே வரிசை வீடு. இங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள், அங்கே 'இந்தியாக்காரன்' என்றிருந்தார்கள்.

வாத்தியார் சாரும் வைகைக்கரை சாரும் தேடுகிற உதாரணம் இங்கே என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. எங்கள் தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் படுகர் ஊர். உயரம் ஒன்று, மண் ஒன்று, மழை ஒன்று, செடியும் ஒன்று. அவர்களுக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று சொந்தத் தேயிலை. பச்சைத் தேயிலையைப் பறித்து ஆலைக்குப் போடுகிறார்கள். விலை கிலோவுக்குக் கட்டுப்படி ஆகவில்லை என்று போராட்டம் நடத்துகிறார்கள், அதுவும் நியாயமான போராட்டம்தான். ஆனால் அவர்கள் விலைக்காகப் போராடுகிறார்கள், நாங்கள் சம்பளத்துக்காக. ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் அந்தப் பக்கத்து வீட்டில் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டா இருக்கிறது, இந்தப் பக்கம் வேலைச் சீட்டு இருக்கிறது.

எங்கள் வரிசையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில். கொழுந்து பறிக்க ஜார்க்கண்ட் ஆட்கள் வருகிறார்கள்.


புவியியல் வாத்தியார் எழுதியது:

செல்வி, நன்றாக எழுதினாயம்மா. ஆனால் இதிலும் நிலத்தின் கை இருக்கிறது. நீலகிரி மேட்டுநிலம். வெள்ளைக்காரன் 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவனோடு ஏறி வந்தபோதே படுகர் அங்கே சாமை, கோதுமை என்று விதைத்துக்கொண்டிருந்த குடியானவர்கள். ஏற்கெனவே உழுத நிலம், வரி போட வசதி, அதனால் பட்டா. நுவரெலியாவில் அப்படி ஒரு குடி இல்லை. யார் முதலில் அங்கே வந்து ஊன்றிக்கொண்டார்கள் என்பதே நிலத்தின் வசதியைப் பொறுத்தது. முன்னால் வந்தவனுக்குப் பட்டா, பின்னால் வந்தவனுக்குக் கூலி.


கோத்தகிரி செல்வி எழுதியது:

சார், முன்னால் வந்தவர்களுக்கு என்றால் இந்த மலையில் தோடர்களுக்கு அல்லவா எல்லாம் கிடைத்திருக்க வேண்டும்? அவர்கள் எருமை மேய்த்த புல்வெளியை 'உழாத நிலம்' என்று எழுதி, மந்து என்ற அவர்கள் குடியிருப்பைச் சுற்றி மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு, மற்றதைக் காட்டிலாகாவும் தோட்டமும் எடுத்துக்கொண்டன. இப்போது அங்கே யூகலிப்டஸும் சீகை மரமும் நிற்கின்றன. வைகைக்கரை சார் கண்டியின் மேல் அடுக்கைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம், மலைமகன் அண்ணே, பண்டாரவளைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களில் 1960களின் சேர்க்கைப் பதிவேடு இன்னும் வைத்திருக்கிறார்களா? அம்மாவுக்கு ஒரு பிறந்த தேதிச் சான்று வேண்டியிருக்கிறது. தெரிந்தால் தனிமடலில் எழுதுங்கள்.